வணிகக் கப்பலில் ஆய்வுக் கருவி: வாட்ச் பார்க்கிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

கடல்நாரை

எல்லோருக்கும் வணக்கம். கண்டெய்னர் கப்பல் ஒன்றில் செகண்ட் மேட், அதாவது கப்பலை ஓட்டும் அதிகாரிகளில் ஒருவன். 12-4 வாட்ச்: பகலிலும் இரவிலும் பன்னிரண்டு முதல் நாலு மணி வரை காவல் பணி. போன வாரம் ஆபீசிலிருந்து மெயில் வந்தது. எங்கள் கப்பலைத் தன்னார்வ வானிலை நோக்குத் திட்டத்தில் சேர்க்கப் போகிறார்களாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று, அழுத்தம், மேகம், அலை எல்லாம் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அது போதாதென்று, கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கிற பெட்டி ஒன்றை அடுத்த டிரை டாக்கில் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திப் பழுது பார்க்கும்போது) இன்ஜின் ரூமில் வைக்கலாமா என்று ஒரு ஆய்வு நிறுவனமும் கேட்டிருக்கிறது. கேப்டன் என் பக்கம் திரும்பி, "நீயே விசாரித்து ஒரு பக்கம் எழுதிக் கொடு" என்று முடித்துவிட்டார்.

எனக்கு மூன்று சந்தேகம். இத்தனை செயற்கைக்கோள் சுற்றும்போது நான் ஜன்னல் வழியாக மேகம் பார்த்து எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? ஓய்வு நேரக் கணக்கே இழுபறியாக இருக்கிறது, இந்த வேலை யார் தலையில் விழும்? அப்புறம், இன்னொரு நாட்டின் கடலில் கருவி ஓடிக்கொண்டிருந்தால் சட்டச் சிக்கல் வராதா?

பழைய_மேட்

தம்பி, இந்த வேலை ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கக் கடற்படையில் மாத்யூ மோரி என்று ஒருவர் 1840களில் மூலையில் தூங்கிய பழைய லாக்புக்குகளை எடுத்துப் பிரித்து, எந்த மாதம் எங்கே என்ன காற்று, என்ன நீரோட்டம் என்று வரைபடம் போட்டார். கேப்டன்களோடு அவர் போட்ட பேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: லாக்கைக் கொடு, வரைபடத்தை இலவசமாக வாங்கிக்கொள். பாய்மரக் காலத்தில் அந்த வரைபடம் வாரக்கணக்கில் பயணத்தைக் குறைத்தது. அதனால் எழுதினார்கள். 1853இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் உட்கார்ந்து எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று பேசி முடித்தன. உங்கள் மெயிலின் மூதாதை அதுதான்.

1980களின் நடுவில் இந்தத் திட்டத்தில் 7,500க்கு மேல் கப்பல்கள் இருந்தன. அதற்குப் பிறகு இறங்குமுகம். கப்பலில் ஆள் குறைந்தது, வேகம் கூடியது, துறைமுகத்தில் நிற்கும் நேரம் சுருங்கியது. எங்கள் காலத்தில் ரேடியோ ஆபீசர் என்று ஒருவர் இருந்தார். குறியீட்டு எண்களைக் கொடுத்தால் அனுப்பிவிடுவார். அந்தப் பதவியே போய்விட்டது.

ஏட்டுச்சுரைக்காய்

வரலாறு நன்றாக இருக்கிறது சார், ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆர்கோ மிதவைகள் சுமார் 4,000 இருக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை போய் வந்து தானாகவே தகவல் அனுப்புகின்றன. மேலே செயற்கைக்கோள். நடுவில் தூக்கக் கலக்கத்தில் ஒரு செகண்ட் மேட் எழுதும் எண் எதற்கு? நேர்மையாகச் சொல்லுங்கள், இது பழக்கதோஷம்தானே?

தெர்மோக்ளைன்

இந்த எண்களை வைத்து வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் அழுத்தம். கடல்மட்டக் காற்றழுத்தத்தைச் செயற்கைக்கோளால் நேரடியாக அளக்க முடியாது. அதை அங்கே இருந்துதான் அளக்க வேண்டும். மிதவைகள் கொஞ்சம் தருகின்றன, மீதி கப்பல்கள். புயல் உருவாகும் இடத்தில் ஒரு கப்பலின் ஒரு எண் முன்னறிவிப்பையே நகர்த்திவிடும்.

இரண்டாவது, ஆர்கோ ஒரே இடத்தில் நிற்காது, நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். ஒரு பெரிய நீரோட்டத்தைக் குறுக்கே அறுத்து, அதே கோட்டில், வாராவாரம் அளக்க வேண்டும் என்றால் அதே கோட்டில் வாராவாரம் போகிற ஒன்று வேண்டும். நியூஜெர்சிக்கும் பெர்முடாவுக்கும் இடையே ஓடும் 'ஓலியாண்டர்' என்ற சரக்குக் கப்பல் அதைத்தான் செய்கிறது. 1992 முதல் அதன் அடிப்பகுதியில் ஏடிசிபி இருக்கிறது. ஒலியைக் கீழே அனுப்பி, நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்த்து, ஒவ்வொரு ஆழத்திலும் நீரோட்டம் எவ்வளவு வேகம் என்று சொல்லும் கருவி. போகும்போது வளைகுடா நீரோட்டத்தைக் குறுக்கே அறுக்கும், வரும்போது இன்னொரு முறை. அந்த நீரோட்டம் வேகமாகத் தளர்கிறது என்று பேச்சு வந்தபோது, இருபது வருட அளவீட்டை எடுத்துவைத்து "நாங்கள் பார்த்த இடத்தில் அப்படிக் குறையவில்லை" என்று 2014இல் சொல்ல முடிந்தது இந்த ஒரு சரக்குக் கப்பலால்தான். எந்த ஆய்வுக் கப்பலும் இருபது வருடம் ஒரே கோட்டில் போய்வராது. ஒரு நாள் ஓட்டவே பல பத்தாயிரம் டாலர் ஆகும்.

2019இல் பழைய கப்பலுக்குப் பதில் புதியது வந்தபோது கருவிக்கு ஆரம்பத்திலேயே இடம் ஒதுக்கிக் கட்டினார்கள். பழையதில் மோசமான கடலில் முன்பகுதியிலிருந்து காற்றுக்குமிழி அடியில் இழுத்துவரப்பட்டு ஒலியை மறைத்துவிடும். இந்தத் தொல்லை எல்லாக் கப்பலிலும் உண்டு.

உப்புப்பட்டு

மிதவைகளுக்கு உயிரினங்களை எண்ணத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலிஸ்டர் ஹார்டி 1920களில் அண்டார்க்டிக் பயணத்துக்காக உருவாக்கிய மிதவுயிரிப் பதிவுக் கருவியை 1931 முதல் வணிகக் கப்பல்கள் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டிருக்கின்றன. மின்சாரமே வேண்டாம். மேற்பரப்புக்குச் சுமார் பத்து மீட்டர் கீழே போகிறது. பின்பக்கச் சிறு விசிறி தண்ணீர் ஓட்டத்தில் சுழன்று, உள்ளே ஒரு பட்டுத்துணியை மெதுவாகச் சுருட்டும். உயிரிகள் பட்டில் சிக்கும், மேலே இன்னொரு பட்டு வந்து மூடும், இரண்டும் சேர்ந்து ஃபார்மலின் தொட்டிக்குள் போய்விடும். பத்து நாட்டிகல் மைலுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் பட்டு. ஆய்வகத்தில் சுருளைப் பிரித்தால் கடலே ஒரு நாடாவாகக் கிடக்கும். முதல் பார்வையில் அதன் பச்சை நிறம் எவ்வளவு அடர்த்தி என்று வண்ண அட்டையோடு ஒப்பிடுவார்கள். அந்த எளிய வேலையை இத்தனை பத்தாண்டுகளாக ஒரே மாதிரி செய்துவருகிறார்கள்.

வட அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான நீரை விரும்பும் சிறு ஓட்டுயிரிகள் சுமார் பத்து அட்சப் பாகை வடக்கே நகர்ந்தன என்று தெரிந்தது இந்தப் பட்டிலிருந்துதான். யாரும் தேடாத ஒன்றும் கிடைத்தது. கருவியில் மீன்பிடிக் கயிறு சிக்கியது 1957இலும், பிளாஸ்டிக் பை சிக்கியது 1965இலும் லாக்கில் எழுதப்பட்டிருக்கிறது. "இழுவை பாதித்தது, காரணம் இது" என்று அன்று யாரோ சலிப்போடு எழுதிவைத்த வரி, அறுபது வருடம் கழித்து ஆய்வுக் கட்டுரை ஆனது.

ஏட்டுச்சுரைக்காய்

சரி, அது கொஞ்சம் அசைக்கிறது. ஆனாலும் கப்பல்கள் போவது சில தடங்களில் மட்டும்தானே? தென்பெருங்கடல் காலி. புயல் என்றால் விலகிப் போய்விடுவோம். அப்படியானால் நல்ல வானிலையை மட்டும்தானே அளக்கிறோம்?

தெர்மோக்ளைன்

உண்மை, மறுக்கவில்லை. தடம் மாறினாலும் தகவல் மாறும். சூயஸ் திறந்த பிறகு, பனாமா திறந்த பிறகு, எங்கே எண்கள் அடர்த்தி, எங்கே வெற்றிடம் என்ற படமே மாறிப்போனது. இரண்டு உலகப் போரிலும் எண்கள் சரிந்தன. கப்பல் தகவல் முழுக் கடலையும் காட்டாது. போகிற கோட்டை மட்டும் நன்றாகக் காட்டும். நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

இன்னொன்று, இதற்கு உறவுள்ள விஷயம்தான். அளக்கிற கப்பலே காற்றை மாற்றுகிறது. வடகிழக்கு இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் கப்பல் தடத்துக்கு நேர் மேலே மின்னல் பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விழுகிறது என்று 2017இல் காட்டினார்கள். புகையின் துகள்கள் மேகத்துளிகளைச் சிறிதாக்குவதுதான் காரணம் என்று விளக்கம். 2020 தொடக்கத்தில் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்கு இறங்கியபோது அந்த மின்னலும் குறைந்தது. காற்றை மாதிரி எடுக்கும் கருவி வைக்கிறவர்கள் உறிஞ்சுகுழாயைப் புகைபோக்கிக்கு வெகு முன்னால் வைப்பது இதனால்தான். காற்று பின்னாலிருந்து அடித்தால் அந்த மணி நேரத் தகவலைத் தூக்கி எறிந்துவிடுவோம்.

பழைய_மேட்

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கடல்நாரைக்கு உதவும்.

ஒரு கப்பலில் நாலு மாதம் ஒழுங்காக அழுத்தம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம்கூடத் தவறவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஒரு துறைமுகத்தில் வானிலைத் துறை ஆபீசர் ஏறிவந்தார். தேநீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்கள் கப்பல் எங்கே போனாலும் அங்கே மட்டும் அழுத்தம் நாலு மில்லிபார் கூடுதலாக இருக்கிறது."

நடந்தது இதுதான். பாரோமீட்டர் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், தண்ணீருக்கு மேலே முப்பது மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரத்தில் இருக்கிறது. எட்டு மீட்டருக்கு ஒரு மில்லிபார் வீதம் கூட்டினால்தான் கடல்மட்ட அளவு. அந்தத் திருத்தத்தை முன்னால் இருந்தவர் கருவியிலேயே சேர்த்துவிட்டார். நான் மென்பொருளில் உயரத்தைக் கொடுத்து இன்னொரு முறை கூட்டிக்கொண்டிருந்தேன். ஹேண்டிங் ஓவர் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாலு மாத எண்ணும் முன்னறிவிப்பு மையத்தின் கறுப்புப் பட்டியலில் இருந்திருக்கிறது. யாரும் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

பெரிய கப்பல் என்றால் இன்னொரு வம்பு. சரக்கு நிரம்பி இருக்கும்போதும், சரக்கில்லாமல் எடைக்குத் தண்ணீர் மட்டும் ஏற்றிப் பாலஸ்ட்டில் போகும்போதும் பிரிட்ஜ் உயரம் பல மீட்டர் மாறும். டிராஃப்டை, அதாவது கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதைப் பார்த்து உயரத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

தெர்மோக்ளைன்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எண்ணைவிட அது எப்படி வந்தது என்ற குறிப்பு விலை அதிகம்.

கடல்நீர் வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வாளி போட்டு மொண்டு, தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் படிப்பார்கள். கேன்வாஸ் வாளி என்றால் மேலே இழுப்பதற்குள் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். இன்ஜின் ரூமுக்கு உறிஞ்சும் நீரில் அளந்தால் சூடு கொஞ்சம் தூக்கலாக வரும். போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல்களின் எண்கள் அதிகம். அவர்கள் இன்ஜின் உறிஞ்சுநீரில் அளந்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் வாளி போடும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு திரும்ப ஏறியது. வரைபடத்தில் உலகக் கடலே அந்த வருடம் திடீரென்று குளிர்ந்த மாதிரி ஒரு பள்ளம். அதன் காரணம் வாளி என்று தெளிவாகப் பிடிபட்டது 2008இல்.

இன்னொரு கதை: பழைய ஜப்பானியக் கப்பல் பதிவுகளை டிஜிட்டல் ஆக்கியபோது தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டார்கள். 18.7 எல்லாம் 18. அரை டிகிரி மாதிரி பசிபிக் குளிர்ந்துபோனது, காகிதத்தில். 2019இல்தான் சரிசெய்தார்கள்.

ஆகவே நீங்கள் எந்த முறையில் அளந்தீர்கள், எந்தப் பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் என்று எழுதிவைத்தால் போதும். தப்பு ஒரே மாதிரி இருந்தால் நாங்கள் கழித்துக்கொள்வோம். நடுவில் சொல்லாமல் மாற்றினால்தான் எங்கள் கதை கந்தல்.

ஈரக்கயிறு

மாணவனாக இருந்தபோது ஆய்வு ஆளாக ஒரு சரக்குக் கப்பலில் ஏறி எக்ஸ்பிடி போட்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு: ஆழம் போகப்போகக் கடலின் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று அளக்கும், குண்டு மாதிரி ஒரு சின்னப் பொருள். மூக்கில் துத்தநாக எடை, உள்ளே வெப்ப உணரி, வால்பக்கம் தலைமுடி போன்ற செப்புக் கம்பிச் சுருள். பின்தளத்திலிருந்து குழாயைச் சாய்த்து ஊசியை உருவினால் விழுந்துவிடும். கம்பி இரண்டு பக்கமும் பிரியும், குண்டிலிருந்தும் கப்பலில் இருக்கும் டப்பாவிலிருந்தும். அதனால் தண்ணீரில் கிடக்கும் கம்பி இழுபடுவதில்லை. கப்பல் முழு வேகத்தில் போய்க்கொண்டே அளக்கலாம். 760 மீட்டர் ஆழம், ஏறக்குறைய இரண்டு நிமிடம். கம்பி தீர்ந்து அறுந்ததும் திரையில் கோடு நின்றுவிடும்.

முதல் ராத்திரி எனக்கு நாலு வீண். காற்று வரும் பக்கம் நின்று போட்டேன், கம்பி பறந்து வந்து கம்பிவேலியில் உரசியது. பூச்சு கிழிந்த இடத்தில் கடல்நீர் பட, திரையில் வெப்பநிலை முள்முள்ளாக எகிறியது. தளப் பணியாளர்களின் தலைவரான போசன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது குழாயோடு என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி, கையை இன்னும் கீழே, வெளியே நீட்டச் சொன்னார். கோடு வழுவழுவென்று இறங்கியது. அவர் கடலியல் படித்தவரில்லை, ஆனால் கழிவுத்தண்ணீரை எந்தப் பக்கம் கொட்டக்கூடாது என்று முப்பது வருடமாகத் தெரியும்.

குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குண்டில் ஆழம் காட்டும் கருவி கிடையாது. விழுந்து எத்தனை வினாடி என்பதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். முதலில் வினாடிக்கு 6.472 மீட்டர் என்ற அடிப்படையில் வந்த சூத்திரத்தை, நிஜத்தில் வேகமாக விழுகிறது என்று கண்டு 1995இல் 6.691 என்று திருத்தினார்கள். 760 மீட்டரில் அந்த வித்தியாசமே இருபத்தைந்து மீட்டர் ஆகும். கடல் எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொண்டது என்ற கணக்கு இதனால் பல வருடம் இழுத்தடித்தது. செம்பும் துத்தநாகமும் கடலடியில் கிடப்பதும் எனக்கு உறுத்தல்தான்.

ஆறாம்_சிலிண்டர்

இன்ஜின் பக்கத்திலிருந்து. அந்தக் கார்பன் டை ஆக்ஸைடு பெட்டிக்குச் சரி சொல்லும் முன் சீஃப் இன்ஜினியரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், மேட்கள் மட்டும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் எங்கள் சீ செஸ்டிலிருந்துதான் (கடல்நீரை உள்ளே எடுக்கும் அடிப்பகுதி அறை) போகும். ஃபில்டரில் பாசியும் சிப்பியும் அடைத்தால் சுத்தம் செய்வது எங்கள் பையன்.

இன்னொன்று, குழாயில் வரும்போதே தண்ணீர் சூடாகும். ஒரு டிகிரி சூடேறினால் அந்த வாயு அழுத்தம் நாலு சதவீதத்துக்கு மேல் ஏறும் என்று ஆய்வாளரே எனக்குச் சொன்னார். அதனால் நீர் கப்பலுக்குள் நுழையும் வாயிலேயே ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். அதற்கு ஓட்டை போடுவது டிரை டாக்கில் மட்டும்தான், கப்பலின் கட்டுமானத்துக்குச் சான்று தரும் கிளாஸ் சொசைட்டியின் அனுமதியோடு. இப்போதே வரைபடம் கேளுங்கள். கடைசி வாரம் வந்து நிற்பார்கள்.

சட்டப்புள்ளி

மூன்றாவது கேள்விக்கு. 1982 கடல் சட்ட உடன்படிக்கையைத் தோராயமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு மைல் கரைக்கடலில் ஆய்வு, அளவை செய்தால் அந்தப் பயணம் தீங்கற்ற கடப்பு (அனுமதி கேட்காமல் கடந்துபோகும் உரிமை) ஆகாது, 19ஆம் பிரிவு. பன்னாட்டு நீரிணைகளில் முன் அனுமதி இல்லாமல் ஆய்வு கூடாது, 40ஆம் பிரிவு. அதற்கு வெளியே 200 மைல் வரையான தனிப் பொருளாதார மண்டலத்தில் கடல் அறிவியல் ஆய்வுக்குக் கரையோர நாட்டின் சம்மதம் வேண்டும், ஆறு மாதம் முன்பே தகவல் தர வேண்டும்.

வானிலை நோக்கு வேறு கணக்கு. அதைக் கப்பல்கள் செய்ய வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயமே ஊக்குவிக்கிறது. முன்னெச்சரிக்கை வராமல் பியூஃபோர்ட் அளவில் பத்தாம் எண் அல்லது அதற்கு மேற்பட்ட புயல்காற்றைச் சந்தித்தால் தெரிவிப்பது கடமையும்கூட. சிக்கல் உங்கள் கார்பன் பெட்டிக்குத்தான். எந்த எல்லையில் தானாக அணையும், அனுமதிக் கடிதம் யார் வாங்குவார்கள், அதிகாரி ஏறிக் கேட்டால் யார் பதில் சொல்வது: இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் ஆய்வு நிறுவனத்தின் பெயரில் எழுதிவாங்குங்கள். கப்பலை வாடகைக்கு எடுத்திருக்கும் சார்ட்டரருக்கும் தெரிய வேண்டும்.

பழைய_மேட்

ஓய்வு நேரம் பற்றி யாரும் பேசவில்லையே. இருபத்துநாலு மணிக்குப் பத்து மணி நேர ஓய்வு என்பது விதி. அதைக் கடித்துத் தின்றுதான் இதைச் செய்ய வேண்டும் என்றால் செய்யாதீர்கள். நோக்கு நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) 00, 06, 12, 18. கப்பலின் நேரத்தைப் பொறுத்து அது ஒவ்வொரு வாட்சிலும் மாறி மாறி விழும், ஒருவன் தலையில் மட்டும் விழாது. பழகினால் பத்து நிமிட வேலை. நெரிசலான கடலில் இருந்தால் விட்டுவிடுங்கள், வானிலை ஆபீசரே அதைத்தான் சொல்வார். கருவிகள் கடனாக வரும், செய்தி அனுப்பும் செலவும் கப்பலுக்கு இல்லை. இன்மர்சாட் செயற்கைக்கோள் தொடர்பில் 41 என்ற குறியீட்டில் போகும்.

தானியங்கி நிலையம் வைத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். அழுத்தத்தை அதுவே ஒவ்வொரு மணிக்கும் அனுப்பும். மேகமும் அலையும் மட்டும் உங்கள் கண்ணுக்கு.

ஏட்டுச்சுரைக்காய்

நான் எதிர்த்துப் பேசியது பேசியதுதான், ஆனால் கடல்நாரை, தெர்மாமீட்டர் கூண்டை எங்கே வைப்பதாக உத்தேசம்? பிரிட்ஜ் இறக்கையில், அதாவது பிரிட்ஜின் பக்கவாட்டுத் திறந்த மேடையில், இரும்புத்தளம் மதியம் தோசைக்கல் மாதிரி சுடும்.

தெர்மோக்ளைன்

நல்ல கேள்வி. அந்தச் சூடு காரணமாகத்தான் நீண்டகாலக் கணக்கில் ராத்திரி எடுத்த காற்று வெப்பநிலையை மட்டும் நம்புகிறோம். இரண்டு இறக்கையிலும் கொக்கி போட்டு, காற்று வரும் பக்கம் மாற்றி மாட்டுவதுதான் முறை. 12-4 காரர் என்பதால் நடுராத்திரி எண் பெரும்பாலும் நீங்கள் எழுதுவதாகவே இருக்கும்.

கடல்நாரை

எல்லோருக்கும் நன்றி. ஒரு பக்கம் கேட்டார், மூன்று பக்கம் ஆகிவிட்டது. வானிலை நோக்குக்குக் கேப்டன் சரி சொல்லிவிட்டார். கார்பன் பெட்டி சீஃபின் மேசையில் இருக்கிறது, அவர் சீ செஸ்ட் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டினால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

பழைய_மேட் சாருக்கு ஒரு செய்தி. உங்கள் கதையைப் படித்ததும் வாட்சுக்குப் போய் எங்கள் பாரோமீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மஞ்சளான ஸ்டிக்கர், பென்சிலில் "+3.6" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து இல்லை, தேதி இல்லை. கூட்ட வேண்டும் என்கிறாரா, கூட்டிவிட்டேன் என்கிறாரா?

பழைய_மேட்

கூட்டியிருந்தால் கருவி கடல்மட்ட அளவைக் காட்டும், இல்லையென்றால் பிரிட்ஜ் அளவை. அடுத்த துறைமுகத்தில் கட்டியதும், விமான நிலையத்தின் கடல்மட்ட அழுத்தத்தை அதே மணிக்குக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை எண் அனுப்ப வேண்டாம். பார்த்த பிறகு அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள், பேனாவில், தேதி போட்டு.